மார்பகச் சிகிச்சைக்குப் பின் கை வீக்கம்: ஒளிச் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன்



நம் டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் இருதய அறுவை, டயாலிசிஸ், பிரசவச் செலவு என்பவை எப்போதும் இருப்பவை. சில காலமாகப் புதிதாக ஒன்றைப் பார்க்கிறோம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த சகோதரிகள், "கை வீங்கிவிட்டது, லேசர் ஒளி வைத்தால் வற்றிவிடும் என்கிறார்கள், அதற்கு உதவுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள். கோவளத்திலிருந்தும் வந்திருக்கிறது, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்தும் வந்திருக்கிறது, செங்கல்பட்டு நகரத்திலிருந்தும் வந்திருக்கிறது. ஒரு வீட்டில் மகளின் வளையலை அடகு வைத்து முன்பணம் கட்டியிருந்தார்கள். புற்றுநோய்க்கே கையில் இருந்ததெல்லாம் கரைந்துபோன குடும்பம் அது.

இந்த ஒளிச் சிகிச்சை உண்மையா, ஏமாற்றா என்று பலரும் நம்மிடம் கேட்கிறார்கள். முழு உண்மை என்றும் சொல்ல முடியாது, ஏமாற்று என்றும் தள்ளிவிட முடியாது. அதனால்தான் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் நம் தவறைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி இதே வீக்கத்துக்காக நம்மை அணுகினார். பக்கத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, மூட்டுவலிக்கு வைக்கும் சிவப்பு விளக்கு ஒன்றை நாமே வாங்கிக் கொடுத்தோம். நல்லது செய்ததாக நினைத்தோம். அவர் தினமும் அரை மணி நேரம் கையில் சூடு காட்டினார். பத்து நாளில் வீக்கம் முழங்கையைத் தாண்டி ஏறியது, தோல் சிவந்தது, காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். அந்த விளக்கும் ஒளி, லேசரும் ஒளி என்று ஒன்றாக எண்ணியதே நம் பிழை. அல்ஹம்துலில்லாஹ், அவர் தேறிவிட்டார். வேறு எந்த வீட்டிலும் இது நடக்கக் கூடாது.

கை ஏன் வீங்குகிறது?

நம் உடலில் ரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்கள் என்று மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. திசுக்களுக்கு இடையே கசியும் நீரையும் புரதத்தையும் அள்ளி மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது இவற்றின் வேலை. வழியில் ஆங்காங்கே நிணநீர் முடிச்சுகள் உண்டு. கையிலிருந்து வரும் நிணநீருக்கு அக்குளில் இருக்கும் முடிச்சுகள்தான் வாசல்.

மார்பகப் புற்றுநோய் முதலில் பரவும் இடமும் பெரும்பாலும் அதே அக்குள்தான். அதனால் அறுவையின்போது அந்த முடிச்சுகளை எடுத்துவிடுகிறார்கள், சிலருக்கு அங்கே ரேடியேஷனும் கொடுக்கிறார்கள். உயிரைக் காக்க அது தேவை. ஆனால் வாசல் அடைபட்டதால் நீர் கையிலேயே தேங்குகிறது. ஏரியில் மதகை அடைத்தால் வரப்பில் நீர் நிற்பதுபோல. அந்த நீரில் புரதம் இருப்பதால் நாளாக ஆகத் தோல் தடித்து இறுகிவிடுகிறது. தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும். பிறகு குழிகூட விழாது.

அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. முதலில் நிணநீர் சென்று சேரும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் இது 100 பேரில் 5, 6 பேராகக் குறைகிறது. அறுவைக்கு முன்பே "என் நிலைக்கு அந்த முறை பொருந்துமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறில்லை. சிலருக்கு அறுவை முடிந்த சில மாதங்களில் வீங்கும், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வரும்.

இது யானைக்கால் வியாதி அல்ல

நம் கடற்கரைப் பகுதியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் யானைக்கால் நோயை நன்கு அறிந்த மண். வீடு வீடாக வந்து டி.இ.சி. மாத்திரை கொடுத்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் ஒரு பெண்ணின் கை வீங்கினால் "யானைக்கால் கைக்கு ஏறிவிட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தட்டைத் தனியாக வைத்த வீட்டையும் பார்த்தோம்.

யானைக்கால் கொசு மூலம் பரவும் நூல்போன்ற புழுவால் வருவது. புற்றுநோய்க்குப் பின் வரும் கை வீக்கத்தில் புழுவும் இல்லை, கிருமியும் இல்லை, அது யாருக்கும் ஒட்டாது. டி.இ.சி. மாத்திரை இதற்கு மருந்தும் ஆகாது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தொழுநோயாளியையே ஒதுக்கக் கூடாது என்று இத்தனை ஆண்டுகளாக அதன் பக்கத்தில் வாழ்ந்து கற்றுக்கொண்ட ஊர்க்காரர்கள் நாம். புற்றுநோயை வென்று வந்த நம் சகோதரியை அடுப்படி மூலையில் ஒதுக்கலாமா?

ஒளி என்ன செய்கிறது?

ஒளியால் வைத்தியம் பார்ப்பது இன்று நேற்று வந்ததல்ல. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் பின்சென் என்ற மருத்துவருக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. லேசர் கண்டுபிடிக்கப்பட்டு சில ஆண்டுகளில், 1967 வாக்கில், ஹங்கேரியின் எண்ட்ரே மெஸ்டர் மெல்லிய லேசரை எலிகளின் சவரம் செய்த தோலில் செலுத்திப் பார்த்தார். அந்த இடத்தில் முடி விரைவாக வளர்ந்தது. இன்றைய குறைந்த சக்தி லேசர் சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கை வீக்கத்துக்குப் பயன்படுவது பெரும்பாலும் 904 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி. கண்ணுக்குத் தெரியாது, தோலில் சூடும் தெரியாது. கல் சிற்பத்தில் வெட்டுவதற்கு வரும் லேசரையோ, கண் ஆபரேஷன் லேசரையோ நினைத்துப் பயப்பட வேண்டாம். இது எரிக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் பகுதி இந்த ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது என்றும், அதனால் அக்குளில் இறுகிப்போன தழும்புத் திசு தளர்ந்து நிணநீர்க் குழாய்கள் ஓரளவு வேலை செய்யத் தொடங்குகின்றன என்றும் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். ஒரு சிறு கருவியை அக்குளில் புள்ளி புள்ளியாக வைத்து ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் நோயாளிக்கும் சிகிச்சை தருபவருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

மூட்டுவலிக்கு வைக்கும் சிவப்பு விளக்கு வேறு. அதன் வேலையே சூடு தருவது. சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடும், நீர் இன்னும் அதிகமாகக் கசியும், வெளியேற வழியில்லாத கை மேலும் வீங்கும். நாம் வாங்கிக் கொடுத்த விளக்கு செய்தது அதைத்தான். அழகு நிலையங்களில் வரும் சிவப்பு விளக்கு முகமூடியும், ஆன்லைனில் விற்கும் கை விளக்குகளும் இந்தச் சிகிச்சைக்கு உரியவை அல்ல.

சோதனைகள் என்ன சொல்கின்றன?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கராட்டி, பில்லர் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் கை வீங்கிய அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பங்குகொண்டார்கள். சிலருக்கு உண்மையான லேசர், சிலருக்கு ஒளி வராத போலிக் கருவி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. வாரத்துக்கு 3 முறை வீதம் 3 வாரம் கொடுப்பது ஒரு சுற்று.

ஒரே ஒரு சுற்று பெற்றவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. இரண்டு சுற்று பெற்றவர்களிடம், அதுவும் சிகிச்சை முடிந்து 2, 3 மாதம் கழித்து, 3 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குக் கையின் கொள்ளளவு 200 மில்லிக்கு மேல் குறைந்திருந்தது. 2006இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய ஒரு கருவிக்கு அனுமதி அளித்தது. அதன்பின் வேறு நாடுகளிலும் ஆய்வுகள் நடந்தன. சிலவற்றில் நல்ல பலன், சிலவற்றில் கையால் நிணநீரைத் தடவி விடும் சிகிச்சைக்குச் சமமான பலன். பெரும்பாலும் சிறிய ஆய்வுகள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று, இது பலருக்கு ஓரளவு உதவும், எல்லோருக்கும் அல்ல. இரண்டு, பலன் உடனே தெரியாது. முதல் நாளிலேயே வற்றிவிடும் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். மூன்று, இது தனியே நிற்கும் மருந்தல்ல. கட்டும் பயிற்சியும் இல்லாமல் ஒளியை மட்டும் நம்பினால் இறங்கிய வீக்கம் திரும்பிவிடும். பூரணமாகக் குணமாக்கிவிடும் சிகிச்சை என்று இதை எந்த நேர்மையான மருத்துவரும் சொல்வதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. புற்றுக்கட்டி இருக்கும் இடத்தில் இந்த ஒளியை வைக்கக் கூடாது. திடீரென வீங்கினாலோ, கடும் வலி வந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, நோய் திரும்பியிருக்கிறதா, ரத்தக் குழாயில் உறைவு இருக்கிறதா என்று புற்றுநோய் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே மற்றதெல்லாம். இது விடக் கூடாத படி.

முதலில் செய்ய வேண்டியவை

உலகம் முழுவதும் இந்த வீக்கத்துக்கு அடிப்படைச் சிகிச்சை நான்கு. தோலைப் பேணுதல், பயிற்சி பெற்றவர் மென்மையாகத் தடவி நிணநீரை நகர்த்துதல், பல அடுக்குக் கட்டுப் போடுதல், உடற்பயிற்சி. வீக்கம் இறங்கியபின் இறுக்கமான கை உறையை, அதாவது கம்ப்ரெஷன் ஸ்லீவை, பகல் முழுதும் அணிவது. ஸ்லீவ் அளவெடுத்து வாங்க வேண்டியது. அக்காவுடையதைத் தங்கை போடக் கூடாது. தினமும் போட்டால் ஆறு மாதத்தில் அதன் இழுவிசை தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும்.

வீட்டில் ஒரு தையல் டேப் இருந்தால் போதும். மணிக்கட்டு, முழங்கைக்கு 10 செ.மீ. கீழே, 10 செ.மீ. மேலே என்று மூன்று இடத்தில் இரண்டு கையையும் மாதம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். மறு கையைவிட 2 செ.மீ. கூடினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மோதிரம் இறுகுவது, ரவிக்கைக் கை பிடிப்பது, கை கனப்பது ஆகியவையே முதல் அடையாளங்கள். இந்தக் கட்டத்தில் பிடித்தால் மிச்சம் மிகுதி.

"அந்தக் கையால் ஒரு சொம்புகூடத் தூக்காதே" என்று பழைய காலத்தில் சொன்னார்கள். 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களிடம் சோதித்தார்கள். மேற்பார்வையோடு, மிகச் சிறிய எடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அது அடிக்கடி மோசமாவதும் குறைந்தது. சும்மா வைத்திருக்கும் கை நலம் பெறாது. ஆனால் நேற்றுவரை ஓய்வில் இருந்துவிட்டு இன்று தண்ணீர்க் குடம் தூக்குவதும் கூடாது.

செய்யக் கூடாதவை

வீங்கிய கையில் ஹிஜாமா வேண்டாம். ஹிஜாமா சுன்னத்தான வைத்தியம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்தக் கையில் தோலைக் கீறினால் கிருமி நுழைய வாசல் திறந்ததாகும். உடலில் வேறு இடத்தில் செய்வதையும் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

சூடான எண்ணெய் ஒத்தடம், முரட்டுத்தனமான உருவல் வேண்டாம். நீர் இறங்க மாத்திரை வாங்கி விழுங்குவதும், தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் பயன் தராது. ரத்தம் எடுக்க, ஊசி போட, பிரஷர் பார்க்க மறு கையைக் காட்டுங்கள். மீன் ஆயும்போதும் நண்டு உடைக்கும்போதும் கையுறை போடுங்கள். கடற்கரை வீடுகளில் மீன் முள் குத்தாத நாளே இல்லை, குத்திவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிக் களிம்பு தடவுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதில் இரட்டைக் கவனம் வேண்டும்.

கை திடீரெனச் சிவந்து, சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அது தோலடித் தொற்று. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று இரவைக் கடத்தாதீர்கள்.

உளூவும் தொழுகையும்

சகோதரிகள் வெட்கப்பட்டு நம் வீட்டுப் பெண்களிடம் மட்டுமே கேட்கும் கேள்வி இது. ஸ்லீவ் கழற்றக்கூடியது, ஆகவே உளூவுக்குக் கழற்றிக் கழுவிவிட்டு, விரல் இடுக்கு உட்பட நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் படையும் புண்ணும் வரும். மருத்துவர் பல அடுக்குக் கட்டுப் போட்டு அவிழ்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தால், கட்டின் மேல் ஈரக் கையால் மஸஹ் செய்யும் சலுகை மார்க்கத்தில் உண்டு. உங்கள் மத்ஹபில் அதன் முறை என்ன, தயம்மும் சேர வேண்டுமா என்பதை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸஜ்தாவில் கை ஊன்ற முடியாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். வலியைத் தாங்கிக்கொண்டு கட்டை அவிழ்ப்பதில் கூடுதல் நன்மை இருப்பதாக எண்ணிக் கையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே போவது? டிரஸ்ட் என்ன செய்யும்?

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஆகியவை நம் பகுதியினர் சிகிச்சைக்குப் போகும் இடங்கள். எங்கே அறுவை நடந்ததோ அங்கேயே கை வீக்கத்தையும் முதலில் காட்டுங்கள். பழைய கோப்பை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்து வையுங்கள்.

நம் நிர்வாகக் குழு கூடிப் பேசி ஒரு முறை வகுத்திருக்கிறது. மனுச் செய்யும் சகோதரிக்கு முதலில் ஸ்லீவும் கட்டுத் துணியும் வாங்கித் தருவோம். மருத்துவமனைக்குப் போய்வரப் பஸ் செலவும், துணைக்கு வருபவர் வேலைக்குப் போகாத நாளின் கூலியும் தருவோம். கோவளத்திலிருந்து வாரம் மூன்று முறை போய்வருவதே பலரால் சிகிச்சையைத் தொடர முடியாமல் போவதற்குக் காரணம் என்று கண்டுகொண்டோம். இரண்டு, மூன்று மாதம் இவற்றை ஒழுங்காகச் செய்தும் வீக்கம் இறங்காமல், புற்றுநோய் திரும்பவில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்து, லேசர் பலன் தரக்கூடும் என்று அவரே பரிந்துரைத்தால், அதற்கும் உதவுவோம். தகுதி உள்ளவர்களுக்கு ஜகாத் நிதியிலிருந்தும், மற்றவர்களுக்கு ஸதக்கா நிதியிலிருந்தும். மொத்தப் பொதிக்கும் முன்பணம் கேட்கும் இடங்களுக்குப் பணம் தர மாட்டோம். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் கையை அளந்து எழுதித் தரும் இடங்களுக்கே தருவோம்.

வளையலை அடகு வைத்திருந்த அந்த வீட்டாரிடம் பேசினோம். கட்டிய முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது, மீதியைப் பைத்துல்மாலிலிருந்து சேர்த்து வளையலை மீட்டோம். அந்தத் தாய்க்கு இப்போது கட்டும் பயிற்சியும் நடக்கிறது. முழங்கைக்குக் கீழே ஒன்றரை செ.மீ. குறைந்திருப்பதாக மகளே டேப் பிடித்து எழுதி அனுப்பினாள். லேசர் தேவைப்படுமா என்பதை அடுத்த பரிசோதனையில் மருத்துவர் சொல்வார்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கையோடுதான் உங்கள் மனைவி சமைக்கிறார், துவைக்கிறார், பேரப்பிள்ளையைத் தூக்குகிறார். காலையில் அந்த ஸ்லீவை மாட்ட இரண்டு நிமிடம் கை கொடுங்கள். ஈரத்துணி பிழிவதையும் தண்ணீர்க் குடத்தையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த லேசருக்கும் குறையாத சிகிச்சை அது.

நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு எதிரானது அல்ல. தேடும் மருந்து எது என்று விசாரித்துத் தேடுவதும் நம் கடமை. கை வீக்கத்தோடு மௌனமாக இருக்கும் சகோதரிகள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். வர முடியாதவர்கள் மகளிர் பிரிவுச் சகோதரிகளிடம் சொல்லி அனுப்புங்கள், உங்கள் பெயர் வெளியே போகாது.

வல்ல ரஹ்மான் நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைப் பராமரிக்கும் கைகளுக்கும் பலம் தருவானாக. ஆமீன்.

செயலாளர்